பூங்கா இருந்தால் மட்டும் போதுமா? நம்மை நடக்க வைப்பது எது?



வேங்கிக்காலில் நமது அறக்கட்டளை நடத்தும் இலவச ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை முகாமுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரியான ஒரு சீட்டோடுதான் வீடு திரும்புகிறார்கள். மாத்திரையின் பெயர், அளவு, அடுத்து எப்போது வர வேண்டும் என்ற விவரம். கடைசி வரியில், "தினமும் 30 நிமிடம் நடைப்பயிற்சி."

ஒருமுறை அறுபது வயதைக் கடந்த ஒரு அம்மா அந்தச் சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் தொண்டரிடம் நீட்டினார். "மாத்திரை வாங்கிட்டேன் தம்பி. நடக்கச் சொல்லி எழுதியிருக்காரே, எங்கே நடக்கிறது? அதையும் எழுதித் தரச் சொல்லு" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வீட்டை விட்டு வெளியே வந்தால் வேலூர் சாலை. ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து போகும் வாகனங்கள், பேருந்துகள், லாரிகள். பௌர்ணமி என்றால் வெளியூர் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். உள்தெருவில் நடந்தால் நாய்கள் துரத்தும். ஏரிக்கரைக்குப் போகலாம் என்றால் விடியற்காலையில் இருட்டு. பூங்கா என்று பெயர்ப் பலகை வைத்த இடத்துக்குப் போனால் சில நாள் பூட்டு தொங்குகிறது; திறந்திருக்கும் நாளில் உட்கார இடமில்லை, கழிப்பறை இல்லை. மூட்டு வலியும் சர்க்கரையும் உள்ள ஒரு பெண் இந்த நிலையில் எங்கே நடப்பார்?

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடியதில் நாங்கள் தெரிந்துகொண்டவற்றை இந்த இதழில் பகிர்ந்துகொள்கிறோம்.

நடை ஏன் இவ்வளவு முக்கியம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மேலும் 13.6 கோடிப் பேர் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில், அதாவது வாசற்படியில் நிற்கிறார்கள். வயது வந்தவர்களில் 35 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ரத்த அழுத்தம்.

வாசற்படியில் நிற்பவர்களைத் திரும்பி வரச்செய்யும் வழிகளில் முதன்மையானது உடல் உழைப்பு. நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் இயங்கும் தசை இதைச் செய்துகொடுக்கும். அதனால்தான் சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே, அந்தச் சாப்பாட்டால் ஏறும் சர்க்கரையின் அளவு குறைகிறது.

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். மிதமான வேகம் என்றால் என்ன என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும்; ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும்.

"வீட்டு வேலையே போதாதா?" என்று சகோதரிகள் கேட்பதுண்டு. வீட்டு வேலையும் உழைப்புதான். உலக சுகாதார நிறுவனமும் அதைக் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் அடுப்படியில் நெடுநேரம் நிற்பது களைப்பைத் தருமே தவிர, தொடர்ந்து மூச்சு வாங்க வைப்பதில்லை. 2024-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய அளவு உடலை இயக்குவதில்லை என்று கணக்கிட்டது. ஆண்களில் 42 சதவீதம். பெண்களிலோ 57 சதவீதம். நம் பெண்கள் சோம்பேறிகள் என்பது இதன் பொருள் அன்று. அவர்கள் நடப்பதற்கு இடமும் நேரமும் துணையும் அமையவில்லை என்பதே இதன் பொருள்.

திருமங்கலம் காட்டிய வழி

இடம் அமைந்தால் மக்கள் நடப்பார்களா? இதற்குச் சென்னையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

1990-களின் பிற்பகுதியில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவர்கள் சென்னையின் இரண்டு குடியிருப்புகளில் வீடு வீடாகச் சென்று ஆய்வு செய்தார்கள். ஒன்று, திருமங்கலத்தில் நடுத்தர வருமானக் குடும்பங்கள் வாழும் ஏஷியாட் காலனி. மற்றொன்று, குறைந்த வருமானக் குடும்பங்கள் வாழும் பாரதி நகர். ஏஷியாட் காலனியில் 12.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பாரதி நகரில் 6.5 சதவீதம்.

மருத்துவர்கள் அந்தக் கணக்கோடு போய்விடவில்லை. ஏஷியாட் காலனி மக்களிடம் முடிவுகளைச் சொல்லி, உடற்பயிற்சியின் அவசியத்தைக் கூட்டங்கள் மூலமும் துண்டறிக்கைகள் மூலமும் விளக்கினார்கள். அதைக் கேட்ட குடியிருப்பு மக்கள், சொந்தச் செலவில் ஒரு பூங்காவை அமைத்து அதில் நடக்கத் தொடங்கினார்கள்.

வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் அங்கே தொடக்கத்தில் 14.2 சதவீதம் மட்டுமே. ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அது 58.7 சதவீதமாக உயர்ந்திருந்தது.

பத்து ஆண்டுக்குப் பிந்தைய ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஏஷியாட் காலனியில் சர்க்கரை நோய் 12.4-லிருந்து 15.4 சதவீதமாக மெல்ல ஏறியிருந்தது. பாரதி நகரிலோ 6.5-லிருந்து 15.3 சதவீதமாக, இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. இந்த வேறுபாட்டுக்குப் பூங்கா மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. உணவு, வேலை, வருமானம் என்று பலவும் அந்தப் பத்து ஆண்டுகளில் மாறியிருக்கும். ஆனாலும் இரண்டு பாடங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய் இனிமேலும் பணக்கார நோய் இல்லை. நடக்க வசதியான இடமும் நடக்க வேண்டும் என்ற விழிப்புணர்வும் ஒன்றுசேர்ந்தால் மக்கள் நடப்பார்கள்.

எந்த வசதி மக்களை வரவழைக்கிறது?

பூங்கா என்றவுடன் நுழைவாயில் வளைவு, நீரூற்று, யானை பொம்மை, அழகான புல்தரை என்றுதான் பலருக்கும் தோன்றுகிறது. திறப்பு விழாப் படத்துக்கு இவை நன்றாக இருக்கும். தினமும் ஆட்களை வரவழைப்பவை வேறு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வட்ட நடைபாதை: அமெரிக்காவில் 25 நகரங்களில் உள்ள 174 பூங்காக்களை ஆய்வாளர்கள் நேரில் கவனித்து, யார் வருகிறார்கள், வந்து என்ன செய்கிறார்கள் என்று எண்ணினார்கள். சுற்றி வரும்படியான நடைபாதை உள்ள பூங்காக்களுக்கு, அது இல்லாத பூங்காக்களைவிட 80 சதவீதம் கூடுதலாக ஆட்கள் வந்தார்கள். முதியவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காக இருந்தது. காரணம் எளிது. வட்டப் பாதையில் சாலையைக் கடக்க வேண்டாம். களைத்தால் எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். எத்தனை சுற்று என்று எண்ணலாம். பெரிய இடம் தேவையில்லை. 250 மீட்டர் சுற்றளவு கிடைத்தால், நான்கு சுற்று ஒரு கிலோமீட்டர். பத்துச் சுற்று சுற்றினால் ஏறக்குறைய அரை மணி நேரம். 50 மீட்டருக்கு ஒரு கல் நட்டுத் தூரத்தை எழுதி வைத்தால், நேற்றைவிட இன்று ஒரு சுற்று கூட என்ற ஆர்வம் தானாக வரும்.

நிழல்: நம் ஊரில் கோடைவெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. காலை எட்டு மணிக்கே வெறும் தரை சுடத் தொடங்கிவிடும். பாதையின் இரு பக்கமும் வேம்பும் புங்கனும் இருந்தால் நடக்கக்கூடிய நேரம் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி கூடும். அலங்காரத்துக்கு வைக்கும் பனை வகைச் செடிகள் நிழல் தருவதில்லை. புல்தரைக்கு ஊற்றும் தண்ணீரை மரக்கன்றுகளுக்கு ஊற்றினால், சில ஆண்டுகளில் அவை நம்மைத் தாங்கத் தொடங்கிவிடும். மரம் நடுவது நம்மில் பலர் தம் பெற்றோர் பெயரால் நிலையான தருமமாகச் செய்ய விரும்பும் காரியம். அதற்குப் பொருத்தமான இடம் நடைபாதையின் ஓரம்.

கழிப்பறையும் குடிநீரும்: இதைப் பலரும் கடைசியில் நினைக்கிறார்கள், பட்டியலில் மேலே இருக்க வேண்டியது இதுதான். சர்க்கரை நோயாளிகளுக்கு அடிக்கடி சிறுநீர் வரும். வயதான ஆண்களுக்கும், பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கும் அடக்க முடியாத சிரமம் இருக்கும். கழிப்பறை இல்லாத பூங்கா, "நடங்கள்" என்று மருத்துவர் யாரிடம் சொன்னாரோ அவரையே வெளியே நிறுத்திவிடுகிறது. பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வந்து, அவசரமாகத் திரும்புவார்கள்; பிறகு வரவே மாட்டார்கள். கட்டினால் மட்டும் போதாது. தினமும் கழுவ ஆளும் தண்ணீரும் உள்ளே தாழ்ப்பாளும் வேண்டும்.

இருக்கைகள்: மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில், மக்கள்தொகையில் 20 சதவீதமாக உள்ள முதியவர்கள், பூங்காவுக்கு வருவோரில் 4 சதவீதம் மட்டுமே இருந்தார்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு அடுத்த இருக்கை எங்கே என்பது தெரிந்தால்தான் அடி எடுத்துவைக்கத் துணிவு வரும். ஐம்பது, நூறு மீட்டருக்கு ஒன்று வேண்டும். சாய்ந்துகொள்ள முதுகும், ஊன்றி எழுந்திருக்கக் கைப்பிடியும் வேண்டும். முதுகு இல்லாத சிமெண்டுத் திண்ணை விலை குறைவு. ஆனால் அதிலிருந்து ஒரு பாட்டியம்மா எழுந்திருப்பதைப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

வெளிச்சமும் பார்வையும்: நம் ஊரில் நடப்பவர்கள் வருவது விடிவதற்கு முன்பு அல்லது இருட்டிய பின்பு. நான்கு இடத்தில் பளிச்சென்ற விளக்கும் நடுவே இருட்டும் இருப்பதைவிட, பாதை முழுவதும் சீரான வெளிச்சம் நல்லது. மரங்களின் கீழ்க்கிளைகளைக் கழித்து, வேலிச்செடிகளை இடுப்பளவுக்கு வெட்டிவைத்தால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது வெளியிலிருந்தே தெரியும். நியூயார்க் நகரின் நடுவே உள்ள பிரையண்ட் பூங்கா ஒரு காலத்தில் போதைப்பொருள் விற்பவர்களின் இடமாக இருந்தது. உயர்ந்த வேலிச்செடிகள் உள்ளே நடப்பதை மறைத்தன. நல்லவர்கள் நுழைய அஞ்சினார்கள். வேலிகளை அகற்றி, வாயில்களை அகலமாக்கி, எங்கும் நகர்த்திப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளை வைத்து 1992-இல் மீண்டும் திறந்தார்கள். இன்று அந்த நகரத்தில் அதிகம் பேர் வந்து உட்காரும் இடங்களில் அதுவும் ஒன்று. நம் ஊரிலும் மது அருந்துபவர்களுக்குப் பயந்து பூங்காவைப் பூட்டிவைப்பது வழக்கமாகிவிட்டது. பூட்டு நடப்பவர்களைத்தான் தடுக்கிறது. மற்றவர்கள் சுவர் ஏறிக் குதிக்கிறார்கள். எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் தவறானவர்கள் தங்க மாட்டார்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் ஓர் இடம்: ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் 1990-களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஒன்பது, பத்து வயது வரை பூங்காவுக்கு வந்துகொண்டிருந்த பெண் பிள்ளைகள் அதற்குப் பிறகு மறைந்துவிடுகிறார்கள். ஆனால் ஆண் பிள்ளைகள் தொடர்ந்து வருகிறார்கள். விசாரித்ததில், பூங்காவில் ஒரே ஒரு பெரிய திடல்தான் இருந்தது. அதைப் பையன்கள் பந்து விளையாடப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களோடு மல்லுக்கட்ட விரும்பாத பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்துவிட்டார்கள். அந்தத் திடலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, நடைபாதைகளையும் கைப்பந்து, பூப்பந்து ஆடுகளங்களையும் சேர்த்தபோது பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். எந்தச் சட்டமும் போடவில்லை. யாரையும் விரட்டவும் இல்லை. இடத்தை வகுத்த விதம்தான் மாறியது. நம் ஊர்த் திடல்களில் கிரிக்கெட் மட்டை நுழைந்தவுடன் மற்ற எல்லோரும் ஓரமாக ஒதுங்குவதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிள்ளைகள் விளையாடும் இடம்: ஊஞ்சலும் சறுக்கு மரமும் நடைபாதையிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால், பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் பாட்டி நடக்கலாம், ஒரு கண் அங்கே இருக்கும். விளையாட்டுப் பகுதி ஒரு மூலையில் மறைந்திருந்தால், பெரியவர் அங்கேயே காவல் இருக்க வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடியாடும் விளையாட்டு தேவை என்பதையும் நினைவில் வைப்போம்.

தூரமும் நேரமும்: வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள சிறிய பூங்கா, ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய பெரிய பூங்காவைவிட உடல்நலத்துக்கு உதவும். திறக்கும் நேரமும் மக்களின் நேரத்தோடு பொருந்த வேண்டும். ஃபஜ்ர் தொழுகை முடிந்து வருபவர்களுக்கு ஏழு மணிக்குத் திறக்கும் வாயிலால் பயனில்லை.

கூடவே ஒரு காரணம்: வசதிகளோடு, வாரத்தில் இரண்டு நாளாவது யாராவது ஒருவர் முன்னின்று நடத்தும் பயிற்சியோ விளையாட்டோ இருந்தால் கூட்டம் கூடுகிறது என்பதையும் அதே அமெரிக்க ஆய்வு காட்டியது. தனியாக வரத் தயங்குபவர் குழுவோடு வருவார்.

நம் ஊரே சொல்லும் சான்று

இவையெல்லாம் எங்கோ உள்ள கதை என்று நினைக்க வேண்டாம். வேங்கிக்காலிலிருந்து சில கிலோமீட்டரில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இருக்கிறது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான மக்கள், முதியவர்கள் உட்பட, அதைக் காலால் சுற்றி வருகிறார்கள். அவர்களை வரவழைப்பது அவர்களின் பக்தி. அதே சமயம் பாதை எப்படி அமைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள்: புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் வட்டப் பாதை, ஓரத்தில் நடைமேடை, மரங்கள், விளக்குகள், குடிநீர், கழிப்பறை, உட்கார இடம், கூட நடக்க ஆயிரம் பேர். மேலே நாம் பட்டியலிட்ட அனைத்தும் அங்கே சேர்ந்திருக்கின்றன. மற்ற நாட்களிலும் சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்கள் உடற்பயிற்சிக்காக அங்கே நடப்பதைக் காணலாம். அந்தப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது, எதிர்ப்பு எழுந்து விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. நடப்பவர்களுக்கு நிழல் எவ்வளவு முக்கியம் என்பதை ஊர் அறிந்தே இருக்கிறது.

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை 2023 நவம்பரில் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டமும் இதே வழியில் அமைந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தேர்ந்தெடுத்து, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மக்களைச் சேர்ந்து நடக்க அழைத்து, அங்கேயே மருத்துவ முகாமும் நடத்துவது அதன் ஏற்பாடு. 8 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ பத்தாயிரம் அடிகள். நாள்தோறும் எல்லோராலும் அவ்வளவு நடக்க முடியாது. நடக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பாதை எது, தூரம் எவ்வளவு, எந்த நாள், எந்த நேரம் என்பதை முன்பே சொல்லிவிட்டால் மக்கள் வருவார்கள் என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

வேங்கிக்காலில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது, இப்போது கேட்காவிட்டால் இல்லாமல் போகும். 2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. வேங்கிக்கால் பக்கம் வயல்கள் மனைகளாகி வருவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைக்கான இடம் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். அலுவலகங்களில் இதை ஓ.எஸ்.ஆர். இடம் என்பார்கள். மனை வாங்கும்போது நாம் பார்க்கும் வரைபடத்தில் "பூங்கா" என்று பச்சை நிறத்தில் காட்டியிருப்பது பெரும்பாலும் அதுதான். அது பூங்காவாகிறதா, முள்காடாகக் கிடக்கிறதா, ஆக்கிரமிப்பில் போகிறதா என்பது குடியிருப்பவர்கள் கேட்பதைப் பொறுத்தது. உங்கள் மனைப்பிரிவின் வரைபடத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

வேங்கிக்கால் ஏரிக்கரையிலும் நடைபாதை அமைக்கலாம் என்ற ஆசை பலருக்கு உண்டு. காற்றும் தண்ணீரும் உள்ள இடத்தில் நடப்பது மனதுக்கும் நல்லது. ஆனால் ஏரியின் முதல் வேலை மழைநீரைத் தேக்குவது. கரையைச் சுருக்கியோ, நீர் வரும் வழியை மறித்தோ, எங்கும் சிமெண்டு போட்டோ பூங்கா செய்தால் மழைக்காலத்தில் அந்த நீர் நம் வீட்டுக்குள்தான் வரும். கரையைப் பலப்படுத்தி, மேலே மண்பாதையும் ஓரத்தில் மரங்களும் விளக்கும் அமைத்தால் போதும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், எண்ணுவோம். உங்கள் தெருவுக்கு அருகில் உள்ள பூங்காவிலோ திடலிலோ ஒரு வாரநாளும் ஒரு ஞாயிறும், காலை ஒரு முறையும் மாலை ஒரு முறையும் கால் மணி நேரம் நின்று பாருங்கள். எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எத்தனை முதியவர்கள், எத்தனை பிள்ளைகள். யார் நடக்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். ஆய்வாளர்களும் இப்படித்தான் செய்தார்கள். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இதை எளிதாகச் செய்வார்கள். "பூங்காவைச் சீரமைக்க வேண்டும்" என்ற மனுவைவிட, "இந்தப் பூங்காவுக்கு மாலையில் ஒரு பெண்கூட வருவதில்லை, காரணம் விளக்கும் கழிப்பறையும் இல்லை" என்ற மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொன்றாகக் கேட்போம். எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டால் எதுவும் நடக்காது. முதலில் வாயில் திறக்கும் நேரம்; அதற்குச் செலவே இல்லை. பிறகு விளக்கு, கழிப்பறை, இருக்கை, மரக்கன்று. வார்டு உறுப்பினரிடமும், மக்கள் சபைக் கூட்டங்களிலும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் எல்லாச் சமுதாயத்து மக்களும் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம் இது. சர்க்கரை நோய் யாருடைய மதத்தையும் கேட்டு வருவதில்லை.

மூன்றாவதாக, துணை சேர்ப்போம். ஃபஜ்ருக்குப் பின் பள்ளிவாசலிலிருந்து ஆண்கள் நேராக வீட்டுக்குப் போய்ப் படுப்பதை விட்டு, நான்கைந்து பேராக நடந்துவிட்டுப் போகலாம். அஸருக்குப் பின் மஃரிபுக்குள் பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து நடக்கலாம். அந்த அரை மணி நேரம் அடுப்பையும் பிள்ளைகளையும் வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வரியைச் சகோதரர்கள் இரண்டு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நடக்கத் தொடங்குபவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. மூடிய, மென்மையான காலணி அணிந்து, வந்தவுடன் பாதங்களைப் பார்க்க வேண்டும். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் பையில் மிட்டாயோ சர்க்கரையோ வைத்திருக்க வேண்டும். கை நடுக்கம், வியர்வை, மயக்கம் வந்தால் உடனே சாப்பிட வேண்டும். நெஞ்சு வலியோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் போதும்.

அந்த அம்மாவுக்கு நாங்கள் அன்று சரியான பதில் சொல்லவில்லை. "மாடியில் நடங்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பினோம். அவர் வீட்டுக்கு மாடியே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

எனவே அடுத்த முகாமிலிருந்து பரிசோதனைப் படிவத்தில் வயது, எடை, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்குக் கீழே இரண்டு கேள்விகளைச் சேர்க்கிறோம். "நீங்கள் எங்கே நடக்கிறீர்கள்? நடக்கவில்லை என்றால், தடுப்பது எது?" வரும் பதில்களைத் தெரு வாரியாகத் தொகுத்து, இன்ஷா அல்லாஹ், உரிய அலுவலகத்தில் கொடுப்போம். முகாமுக்கு வர இயலாதவர்கள் ஒரு தாளில் எழுதி, ஜும்ஆ அன்று நமது தொண்டர்களிடம் கொடுக்கலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. தெருவின் பெயரை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.